ஈஎஸ்ஜி கேள்வித்தாள் வந்தால் முதலில் கேட் நோட்டைத் திறங்கள்

சேலம் பக்கம் நூறு, இருநூறு ஆள் வைத்து நடத்தும் யூனிட்டுகளுக்கு ஈஎஸ்ஜி (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றிலும் கம்பெனி எப்படி நடக்கிறது என்ற கணக்கு) என்பது பெரும்பாலும் ஓர் எக்செல் ஃபைலாகத்தான் மெயிலில் வந்து இறங்குகிறது. சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி அனுப்பியிருக்கும். நூற்றுச் சொச்சம் கேள்வி, பத்து நாள் கெடு. சுற்றுச்சூழல் பகுதி கழிவுநீர் சுத்திகரிப்பு (ஈடிபி) பார்ப்பவரிடம் போகும், நிர்வாகப் பகுதி ஆடிட்டரிடம் போகும், ஆட்களைப் பற்றிய பகுதி எச்ஆர் மேஜைக்கு வரும். எச்ஆர் இணையத்தில் ஒரு பாலிசியை எடுத்து, கம்பெனி பெயரை மாற்றி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பிவிடுவார். அடுத்த வருடம் வாங்கும் கம்பெனி சார்பில் ஆடிட்டுக்கு ஆள் வரும்போது அந்தப் பாலிசியைத்தான் முதலில் கையில் எடுப்பார். அதில் எழுதியிருப்பதற்கும் ஷெட்டுக்குள் நடப்பதற்கும் உள்ள தூரத்தை அளப்பதுதான் அவர் வேலை.

இந்த ஃபைல் ஏன் வருகிறது என்பதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி 2021 மே மாதம் பிஆர்எஸ்ஆர் என்ற ஈஎஸ்ஜி அறிக்கை முறையை அறிவித்தது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் உள்ள பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து அது கட்டாயம். 2023 ஜூலையில் அதன் முக்கிய அளவுகளை மட்டும் பிரித்தெடுத்த பிஆர்எஸ்ஆர் கோர் வந்தது. அதோடு சப்ளையர்களின் கணக்கும் கேட்கப்பட்டது. பின்னர் சப்ளையர் பகுதியில் கெடு தள்ளிப்போனது, கட்டாயமும் தளர்ந்தது. ஆனால் ஒருமுறை கேட்டுப் பழகிய வாங்குபவர் கேட்பதை நிறுத்துவதில்லை. ஏற்றுமதிக்குத் துணி கொடுப்பவர்களுக்கு இது இன்னும் பழைய சங்கதி.

பிஆர்எஸ்ஆர் படிவத்தில் ஒன்பது கோட்பாடுகள் உண்டு. மூன்றாவது ஊழியர் நலன், ஐந்தாவது மனித உரிமை. இரண்டிலும் ஆட்களை ஊழியர், தொழிலாளர் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் நிரந்தரம், நிரந்தரமல்லாதது என்று பிரித்து, அதற்குள் ஆண், பெண் என்று பிரித்துக் கேட்பார்கள். எத்தனை பேர் என்ற இந்த முதல் கேள்வியிலேயே முக்கால்வாசி யூனிட் வழுக்கி விழுகிறது. மற்ற எல்லா விகிதத்துக்கும் கீழே நிற்கும் எண் இது. இது தப்பானால் மேலே எழுதுவதெல்லாம் தப்பு.

எண்ணுவதற்கு ஒரு வழி. கூட்டம் அதிகமுள்ள ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி என்றால் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சீசனில் ஒரு மாதம். கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டு, பயோமெட்ரிக் பதிவு, சம்பளப் பட்டியல், காண்ட்ராக்டர் பிஎஃப் கட்டிய மாதப் பெயர்ப் பட்டியலான இசிஆர் ஆகிய நான்கையும் பெயர்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு கணக்குக்கு, கேட் நோட்டில் 143 பெயர், சம்பளப் பட்டியலில் 74, காண்ட்ராக்டர் இசிஆரில் 31 என்று வைத்துக்கொள்வோம். 38 பேர் எங்கே? கேஷ் வவுச்சரில் இருப்பார்கள். ‘லோடிங் கூலி’, ‘திப்பி காயவைத்த கூலி’, ‘தொட்டி கழுவியது’, ‘இதர செலவு’ என்று சனிக்கிழமை சனிக்கிழமை எழுதிய வவுச்சர்கள். பெயர் இருக்காது, மேஸ்திரியின் கையெழுத்துதான் இருக்கும். யூனிட்டில் எந்த வேலை மிக ஆபத்தானது என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இந்த 38 பேர் செய்யும் வேலைகள்தான் அதில் மேலே நிற்கும்.

இதன் விளைவை ஒரே ஒரு எண்ணில் காட்டலாம். வேலை நாள் இழந்த விபத்துகளைப் பத்து லட்சம் மனித மணிக்கு இத்தனை என்று கேட்பார்கள். விபத்து எண்ணிக்கையைப் பத்து லட்சத்தால் பெருக்கி, மொத்த வேலை மணியால் வகுக்க வேண்டும். 105 பேர், நாளைக்கு 8 மணி, வருடம் 300 நாள் என்றால் 2,52,000 மணி. இரண்டு விபத்துக்கு விகிதம் 7.94. விட்டுப்போன 38 பேரைச் சேர்த்தால் 3,43,200 மணி. அவர்களில் மூன்று பேருக்கு அடிபட்டிருந்தால் மொத்தம் ஐந்து, விகிதம் 14.57. இரட்டிப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. 7.94 என்று எழுதிவிட்டால் என்ன என்று தோன்றும். அடிபட்டவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார், அங்கே பதிவு இருக்கும். தொழிலாளிகளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும் ஆடிட்டரிடம் கூட வேலை செய்தவர் சொல்வார். 14.57 என்று எழுதி, எந்த இயந்திரத்தில், எந்த வேலையில், என்ன மாற்றினோம் என்று நான்கு வரி சேர்ப்பவரைத்தான் வாங்கும் கம்பெனி நம்புகிறது.

காண்ட்ராக்டர் விஷயத்தில் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும்: போன மாத இசிஆரும் இஎஸ்ஐ பட்டியலும் பெயரோடு வராமல் இந்த மாத பில் பாஸ் ஆகாது. இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15-ம் தேதி. வந்த பட்டியலைக் கேட் நோட்டோடு ஒப்பிடுங்கள். வெறும் சலான் தொகையைப் பார்த்து டிக் அடித்தால் பயனில்லை. ஒரே சலானை மூன்று கம்பெனிக்குக் காட்டும் காண்ட்ராக்டர்கள் உண்டு, பெயர் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். காண்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஓடிவிட்டால் அந்தக் கூலியைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை முதலாளி, அதாவது அவரை வைத்து வேலை வாங்கிய கம்பெனி தலையில்தான் விழும் என்பதைக் கணக்குப் பிரிவுக்கும் சொல்லி வையுங்கள். பில் விஷயத்தில் எச்ஆருக்கும் அக்கவுண்ட்சுக்கும் சண்டை வராத யூனிட்டில் யாரோ ஒருவர் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்று அர்த்தம்.

கூலிக்கு வருவோம். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் பஞ்சப்படி ஏப்ரல் 1-ம் தேதி மாறும். பழைய எண்ணையே ஜூன், ஜூலை வரை ஓட்டிவிட்டு, பிறகு யாராவது சொன்னதும் மாற்றுவது இங்கே சகஜம். அந்த மூன்று மாத அரியர் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்றால் ‘குறைந்தபட்ச ஊதியம் தருகிறோம்’ என்ற பதில் பொய்யாகிவிடும். கிலோ கணக்கு, பீஸ் கணக்குக் கூலியில் இன்னொரு ஓட்டை. கிழங்கு தோல் சீவும் பெண்களுக்கு மூட்டைக்கு இத்தனை என்று கொடுக்கும்போது, கிழங்கு லாரி தாமதமாக வந்த நாளில் அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூலி எங்கே? அன்றைய வரவு நாள் கூலிக்குக் கீழே போனால் மீதியைச் சேர்த்துக் கொடுத்ததாகப் பட்டியலில் தனிக் கட்டம் வேண்டும். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பதை ‘வேலை வேறு’ என்று சொல்லி நியாயப்படுத்துவார்கள். வேறுதானா என்பதை ஒருநாள் களத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம், அடிப்படையையும் பஞ்சப்படியையும் ஒடுக்கி அலவன்ஸை மொத்தத்தில் பாதிக்கு மேல் ஊதிப் பெருக்க முடியாதபடி 50 சதவீத விதி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் செட்டில்மென்ட், குறித்த கால ஒப்பந்தத்தில் ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டி. கேள்வித்தாளின் பழைய பதிலை நகல் எடுத்து ஒட்டுகிறவர்கள் இந்த நான்கிலும் மாட்டுவார்கள்.

முன்பணம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கம் விசைத்தறியில் ஆள் பிடிப்பதே அட்வான்ஸ் கொடுத்துத்தான். முதலாளி அதை உதவி என்று நினைக்கிறார், தறி ஓட்டுபவரும் பல நேரம் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார். சிக்கல் அவர் வேறு தறிக்குப் போக நினைக்கும் நாளில் வரும். ‘பாக்கியை வைத்துவிட்டுப் போ’ என்ற ஒரு வார்த்தையில் அது கடன் என்ற இடத்தைத் தாண்டி, 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் எல்லைக்குள் போய்விடுகிறது. கேள்வித்தாளில் ‘கட்டாய உழைப்பு இல்லை’ என்று டிக் அடிக்கும் எச்ஆர் இதை யோசிப்பதே கிடையாது, ஏனென்றால் அட்வான்ஸ் நோட்டு முதலாளியின் மேஜை டிராயரில் இருக்கிறது. அதை வெளியே எடுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம்: கொடுத்த தொகை, தேதி, மாதப் பிடித்தம், மீதி. வட்டி கிடையாது. பிடித்தத்துக்குப் பிறகு கையில் வரும் கூலியில் குடும்பம் நடத்த முடிகிறதா என்று பாருங்கள். முக்கியமான வரி கடைசி வரி: மீதி இருந்தாலும் வேலையை விட்டுப் போகலாம், பாக்கியைத் தனியாகத் தவணையில் கட்டலாம். இந்த வரியைத் தறிக்காரருக்குப் படித்துக்காட்டி ஒரு நகல் அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஆள் வந்தால், ஊரில் ஏஜென்டுக்கு அவர் எவ்வளவு கட்டினார் என்று சேரும் நாளிலேயே அவர் மொழி தெரிந்தவரை வைத்துக் கேளுங்கள். அந்தப் பணம் கம்பெனி செலவாக இருக்க வேண்டுமே தவிர ஆளின் கடனாக இருக்கக் கூடாது. ஆதார் ஒரிஜினலை ‘பத்திரமாக’ வாங்கி வைப்பதும் இதே கணக்கில்தான் சேரும்.

சுற்றுச்சூழலுக்கும் எச்ஆருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் ஜவ்வரிசி காயவைக்கும் ஒரு களத்தில் மத்தியானம் நிற்க வேண்டும். சிமென்ட் தளம், மேலே வெள்ளை மாவு. வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும். தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. களத்தில் அதை நடைமுறையாக்க வேண்டியவர் எச்ஆர். வெயிலில் உடலுழைப்புக்கு 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது ஏறத்தாழ 250 மில்லி தண்ணீர் என்பது கணக்கு. மணிக்கு முக்கால் லிட்டர். 40 பேர், 8 மணி நேரம் என்றால் 240 லிட்டர். 20 லிட்டர் கேனில் பன்னிரண்டு. இரண்டு கேன் வைத்துவிட்டுத் ‘தண்ணீர் வசதி உண்டு’ என்று எழுதுகிறோம்.

பன்னிரண்டு கேன் வைத்தாலும் குடிக்க மாட்டார்கள், அது அடுத்த விஷயம். பெண்கள் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் கழிப்பறை. அது ஷெட்டின் அந்தப் பக்கம் இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது, போய்வர மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியிருக்கும். காலையிலிருந்து அடக்கிக்கொண்டே வேலை செய்துவிட்டு நீர்க்கடுப்போடு அடுத்த நாள் லீவு போடுவார்கள். லீவுப் பதிவேட்டில் ‘சொந்த வேலை’ என்று இருக்கும். 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறை என்பது தொழிற்சாலை விதியின் பழைய அளவு. களத்திலிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும் என்பதையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வெயில் வேலைக்கு வருபவரை முதல் நாளே முழு ஷிஃப்டில் போடாதீர்கள். முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம், பிறகு நாளுக்கு ஒரு பங்கு கூட்டி ஐந்தாம் நாள் முழு நேரம். வெயிலில் சுருண்டு விழுகிறவர்களில் புதியவர்கள் அதிகமாக இருப்பது உடம்பு பழகுவதற்குள் வேலை வாங்குவதால்தான்.

இதைவிட மோசமானது கழிவுநீர்த் தொட்டி. சேகோ கழிவில் மாவுச்சத்து அதிகம், காற்றில்லாமல் தேங்கினால் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு வரும். ஆரம்பத்தில் அழுகின முட்டை வாசம். அளவு கூடினால் மூக்கு மரத்து வாசமே தெரியாது, ‘வாசம் போயிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கிற நேரம்தான் உயிர் போகிற நேரம். ஒருவர் விழுந்ததும் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் இறப்பது இப்படித்தான். இங்கே எச்ஆர் வைக்க வேண்டியவை: இறங்க அனுமதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல், பயிற்சித் தேதி, ஒவ்வொரு முறையும் எழுத்தில் ஒரு பெர்மிட். பெர்மிட்டில் கேஸ் மீட்டர் அளவு மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் எழுதப்பட வேண்டும், இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்மைத் தொட்டாலோ இறங்கக் கூடாது. மேலே நிற்பவர் எக்காரணத்துக்கும் உள்ளே இறங்க மாட்டார்; டிரைபாடும் (மூன்று கால் தாங்கி) கயிறும் வைத்து வெளியிலிருந்தே தூக்க வேண்டும். இதெல்லாம் இருந்தும் தவறு நடப்பது ஞாயிற்றுக்கிழமை. சேஃப்டி பார்ப்பவர் லீவு, தொட்டி கழுவ வெளியிலிருந்து அன்றாடக் கூலிக்கு இரண்டு பேரை மேஸ்திரி கூட்டிவருவார். அவர்கள் அந்த 38 பேரில் இருப்பவர்கள்.

புகார் விஷயம். பத்துப் பேர் வேலை செய்தாலே பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும்: தலைமையில் மூத்த பெண் ஊழியர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று வருடம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சுவரில் போர்டு எல்லா இடத்திலும் இருக்கிறது. அதில் உள்ள ஒரு பெண் போன வருடமே வேலையை விட்டுப் போயிருப்பார், வெளி உறுப்பினரின் பெயரைக் கேட்டால் யாருக்கும் முகம் தெரியாது, மூன்று வருடம் முடிந்து ஏழு மாதம் ஆகியிருக்கும், போர்டு ஆங்கிலத்தில் இருக்கும். ஹாஸ்டல் வைத்திருக்கும் மில்களில் நைட் ஷிஃப்ட் பெண்களிடம் ‘யாரிடம் சொல்வீர்கள்’ என்று கேட்டுப் பாருங்கள், வார்டன் என்பார்கள். அப்படியென்றால் வார்டனுக்குப் பயிற்சி தேவை, வார்டன் மேலேயே புகார் என்றால் போக இன்னொரு வழியும் தேவை. 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர்க்கும் குழுவும் உண்டு, இரு தரப்பும் சம எண்ணிக்கையில், மொத்தம் பத்துக்கு மிகாமல். புகார்ப் பெட்டியைச் சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே மாட்டிவிட்டு வருடம் முழுக்கப் ‘புகார் இல்லை’ என்று எழுதுவது ஒரு தனிக் கலை. பூஜ்யத்தைப் பார்த்தால் ஆடிட்டர் சந்தோஷப்படுவதில்லை. கேன்டீன் சாம்பார், பஸ் நேரம், ஓவர்டைம் பாக்கி என்று நாற்பது சின்னப் புகார் தேதியோடும் தீர்வோடும் இருக்கும் நோட்டைத்தான் அவர் நம்புவார்.

மலை மேலே கணக்கு கொஞ்சம் வேறு. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் நிழலில் வளரும் அராபிகா, சில்வர் ஓக்கில் ஏறும் மிளகு. ஐரோப்பாவின் காடழிப்புத் தடுப்பு விதிமுறையில் காபி உண்டு. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தது ஆகாது என்பதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள், தோட்டத்தின் மேப்பையும் எடுத்து வைக்கிறார்கள். விளைந்த நாட்டின் தொழிலாளர் சட்டத்தை மீறி விளைந்ததும் ஆகாது என்ற பகுதியைப் படித்தவர்கள் குறைவு. ஆகவே மேப்போடு கூலிப் பட்டியலும் சேர்ந்தே போக வேண்டும். பழம் பறிப்பில் தராசு எங்கே இருக்கிறது, ஈரச் சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், எடை போடும்போது பறித்தவர் முள்ளைப் பார்க்க முடிகிறதா என்பதுதான் அங்கே கூலி நியாயம். மிளகு பறிப்பில் விபத்து என்றால் ஏணியிலிருந்து விழுவது. ஏணி பிடிக்க இரண்டாம் ஆளின் கூலியை மிச்சம் பிடிக்கும் எஸ்டேட்டில் அது நடக்கும். சரக்கு பிக்கப்பில் ஆட்களை நிற்க வைத்து ஹேர்பின் வளைவுகளில் ஏற்றிச் செல்வதை யாரும் விபத்துக் கணக்கில் நினைப்பதில்லை. வேலைக்கு வரும் வழியில் அடிபட்டாலும் அது வேலை விபத்தாகக் கருதப்படலாம் என்பதை எஸ்டேட் ரைட்டர் (கணக்கு எழுதுபவர்) தெரிந்து வைத்திருக்க வேண்டும். பறிப்புக் காலத்தில் அம்மா பின்னாலேயே வரும் பிள்ளைகளைத் துரத்துவதில் அர்த்தமில்லை, விட இடம் வேண்டும். 50 பேர் இருந்தால் குழந்தைகள் காப்பகம் சட்டப்படியே கட்டாயம்.

மேனேஜர்களின் இன்சென்டிவை ஈஎஸ்ஜியோடு கட்டச் சொல்லி இப்போது ஆலோசகர்கள் வருகிறார்கள். நல்ல யோசனைதான், கட்டும் முடிச்சில்தான் தவறு. ‘விபத்து இல்லாவிட்டால் போனஸ்’ என்று வைத்தால் விபத்து குறையாது, விபத்துப் பதிவு குறையும். விரலில் தையல் போட்டவரை மறுநாள் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்து, வேலை நாள் இழப்பு இல்லை என்று எழுதுவார்கள். மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எத்தனை பதிவு செய்தார், அதில் எத்தனையைச் சரி செய்தார், பெர்மிட் இல்லாமல் தொட்டி திறக்கப்பட்டதா, காண்ட்ராக்டர் இசிஆர் ஒப்பீடு மாதாமாதம் முடிந்ததா என்று வையுங்கள். ஈடிபி ஆபரேட்டரின் சம்பள உயர்வை மின்சாரச் செலவைக் குறைத்ததற்காகக் கொடுத்தால் அவர் ராத்திரி கழிவுநீருக்குக் காற்று ஊதும் ஏரேட்டரை நிறுத்திவிடுவார். சேலம் வழியாக ஓடும் திருமணிமுத்தாற்றில் போய்ச் சேரும் தண்ணீருக்கு அந்த அப்ரைசல் ஃபாரமும் ஒரு காரணம்.

படிவத்தை நிரப்பும்போது ‘இல்லை’ என்று எழுதப் பயப்பட வேண்டாம். ‘இல்லை, பெண்கள் கழிப்பறை இரண்டு தேவை, ஒன்றுதான் உள்ளது, களத்துக்கு மேற்கே கட்ட இடம் குறித்தாகிவிட்டது, பொறுப்பு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், முடிவு ஆகஸ்ட் 20’ என்பது ஒரு முழுப் பதில். தேதியை மட்டும் யோசித்துப் போடுங்கள். எஸ்டேட்டில் என்றால் நவம்பரில் பறிப்புத் தொடங்குமுன், சேகோவில் என்றால் ஆகஸ்டுக்குள். செப்டம்பரில் கிழங்கு லாரி கேட்டில் வரிசை கட்ட ஆரம்பித்துவிட்டால் கொத்தனார் சிமென்ட் மூட்டையை இறக்கக்கூட உள்ளே இடம் இருக்காது.